ரிப்போர்ட்ல "அடர்த்தி சி, பைராட்ஸ் 2"ன்னு வந்தா என்ன சொல்லி அனுப்பறது?

பாலக்கோடு_செவிலி:
மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ரிப்போர்ட்டைப் படிச்சு விளக்கிச் சொல்றவங்ககிட்ட ஒரு கேள்வி. 48 வயசு அம்மா. மாதவிலக்கு இன்னும் நிக்கலை, குடும்பத்துல யாருக்கும் மார்பகப் புற்று இல்லை, கைக்குக் கட்டி எதுவும் தட்டுப்படலை. ரிப்போர்ட்ல "ஹெட்டிரோஜீனியஸ்லி டென்ஸ், சி. பைராட்ஸ் 2"ன்னு இருக்கு. கூட வந்த பையன் போன்ல தேடிப் பார்த்துட்டு ஆபத்து 4 மடங்குங்கறான். அம்மா "சி"ன்னா கேன்சரான்னு கேக்கறாங்க. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு அனுப்பணுமா?

நிழல்படம்:
சிஸ்டர், எழுத்து வேற, நம்பர் வேற. முதல்ல அதைப் பிரிச்சுச் சொல்லிடுங்க. பைராட்ஸ்ங்கற 0லிருந்து 6 வரைக்கும் வர்ற நம்பர்தான் படத்துல என்ன தெரிஞ்சதுங்கறதுக்கு. 2ன்னா தீங்கில்லாத மாற்றம், அவ்வளவுதான். ஏ, பி, சி, டி எழுத்து, மார்புல கொழுப்பு எவ்வளவு, பால்சுரப்பியும் நார்த்திசுவும் எவ்வளவுங்கறதுக்கு. ஏன்னா பெரும்பாலும் கொழுப்பு, டின்னா ரொம்ப அடர்த்தி. அது நோயோட பேரு இல்லை. அமெரிக்கக் கணக்குல 100 பெண்கள்ல சுமார் 40 பேர் சி, 10 பேர் டி. கையால அழுத்திப் பார்த்து அடர்த்தியைக் கண்டுபிடிக்க முடியாது. கைக்குக் கெட்டியா இருக்கிற மார்பு படத்துல வெறும் கொழுப்பாவும் இருக்கலாம்.

அந்த 4 மடங்கு எங்கிருந்து வருதுன்னா, 2007ல வந்த கனடா ஆய்வு. படத்துல முக்கால் பங்குக்கு மேல அடர்த்தி இருந்தவங்களை, பத்துல ஒரு பங்குகூட இல்லாதவங்களோட ஒப்பிட்டு 4.7 மடங்குன்னாங்க. ரெண்டு ஓரத்தையும் பக்கத்துல வச்சா வித்தியாசம் பெருசாத்தான் தெரியும். நடுத்தரமான பெண்ணோட ஒப்பிட்டா டிக்கு சுமார் 2 மடங்கு, சிக்கு ஒன்றரை மடங்குக்குள்ளதான். பையன்கிட்ட இதைச் சொல்லுங்க.

என்னைக் கேட்டா, பெரிய தொல்லை மறைப்புதான். கொழுப்பு படத்துல கருப்பா விழும். சுரப்பியும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. மார்கழிப் பனியில தொப்பூர் கணவாய்ல வெள்ளை லாரியைத் தேடற கதை.

ஓசூர்_டெக்னீஷியன்:
படம் எடுக்கற பக்கத்துல இருந்து கொஞ்சம். அழுத்தம் பத்தலைன்னா திசு ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து, இல்லாத கட்டி இருக்கற மாதிரி தெரியும். உடனே பைராட்ஸ் 0, திரும்ப வாங்கன்னு கடிதம். வலிக்குதுன்னு தளர்த்தச் சொல்றவங்களுக்கு, சில நொடிதான்னு முன்னாடியே சொல்லிடறது நல்லது. மாதவிலக்கு வந்து முடிஞ்ச அடுத்த வாரம் அனுப்பினீங்கன்னா வலி குறைவு.

அன்னைக்கு மார்புலயும் அக்குள்லயும் பவுடர், வாசனை ஸ்ப்ரே, களிம்பு எதுவும் கூடாது. அதுல இருக்கிற துகள் படத்துல சுண்ணாம்புப் புள்ளி (கால்சியம் படிவு, சில சமயம் புற்றோட அடையாளம்) மாதிரியே விழும். தாலியைக் கழற்ற மனசில்லைன்னா முதுகுப் பக்கம் தள்ளிக்கலாம், படத்துக்குள்ள விழாம இருந்தாப் போதும். ஜடையைக் கொண்டை போட்டுக்கச் சொல்லுங்க. அதுவும் நிழலா விழும்.

பாலக்கோடு_செவிலி:
நன்றிங்க. அப்ப ஸ்கேன்?

நிழல்படம்:
சி மட்டும்தான், வேற ஆபத்துக் காரணம் இல்லைன்னா கட்டாயமில்லை. அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழுகூட 2024ல, அடர்த்திக்காக மட்டும் கூடுதல் சோதனை செய்ய ஆதாரம் பத்தலைன்னுதான் சொன்னது. ஜப்பான்ல 40லிருந்து 49 வயசுப் பெண்களுக்கு மேமோகிராமோட ஸ்கேனும் சேர்த்துப் பார்த்தாங்க. இருக்கற புற்றைப் பிடிச்சது 77 சதவீதத்துலிருந்து 91க்கு ஏறுச்சு. ஆனா நோயில்லாதவங்களைச் சரியா "இல்லை"ன்னு சொன்னது 91லிருந்து 88க்கு இறங்குச்சு. 100ல கூடுதலா அந்த மூணு பேருக்கும் வீண் அலைச்சல், சிலருக்கு ஊசியால திசு எடுத்துப் பார்க்கற பயாப்ஸி. இதைச் சொல்லிட்டு, வேணுமா வேண்டாமான்னு அவங்களையே முடிவு பண்ண விடுங்க. ஸ்கேன் எடுத்தாலும் மேமோகிராமை விட்டுட முடியாது. நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளி ஸ்கேன்ல சரியாத் தெரியாது.

டி வந்தா பேச்சு வேற. நெதர்லாந்துல 50லிருந்து 75 வயசுல டி இருந்தவங்களை எம்.ஆர்.ஐக்குக் கூப்பிட்டாங்க. ரெண்டு பரிசோதனைக்கு நடுவுல தலைகாட்டற புற்று ஆயிரத்துக்கு 5 இருந்தது 2.5 ஆச்சு. வர்ற பெண்ணோட அம்மாவுக்கோ அக்கா தங்கச்சிக்கோ சின்ன வயசுல மார்பகப் புற்று வந்திருந்தா, எழுத்து என்னவா இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுங்க.

இன்னொண்ணு, பி, சி எல்லைக்கோடு பார்க்கறவரோட கண்ணைப் பொறுத்தது. அடுத்த தடவை வேற டாக்டர் "பி"ன்னு சொல்வாரு. மார்பு ஒரே வருஷத்துல மாறிடுச்சுன்னு அர்த்தமில்லை.

கிருஷ்ணகிரி_வார்டு:
ஒண்ணு சேர்த்துக்குங்க சிஸ்டர். அடர்த்தியான மார்புல கட்டி தட்டுப்பட்டா, மேமோகிராம் நார்மல்ங்கற பேச்சே எடுபடாது. ஸ்கேன், தேவைப்பட்டா ஊசி பயாப்ஸின்னு கடைசி வரைக்கும் போயே ஆகணும். "போன மாசம்தானே எடுத்தேன், ஒண்ணுமில்லைன்னாங்களே"ன்னு தள்ளிப்போடறதுலதான் மாசக்கணக்கா ஓடிடும். காம்பு உள்ள இழுக்கறது, ரத்தக் கசிவு, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆறது, அக்குள்ல நெறிகட்டறது, எல்லாத்துக்கும் இதேதான்.

அப்புறம் படம் பதிஞ்சு குடுக்கற சி.டி (டிஸ்க்). நம்ம ஊர்ல ஒரு வருஷம் சேலம், அடுத்த வருஷம் பெங்களூர்னு மாறி மாறி எடுப்பாங்க. பழைய படம் கையில இல்லைன்னா புதுசா வந்ததா, முன்னாடியே இருந்ததான்னு சொல்ல முடியாம 0 போட்டுடுவாங்க. வெறும் பேப்பர் ரிப்போர்ட் பத்தாது. சி.டியை ரேஷன் கார்டு வைக்கற கவர்லயே போட்டு வைக்கச் சொல்லுங்க.