ஆக்டேவ் மாண்டலின் வாங்கியவர்கள், வாசித்துப் பார்த்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

வாளையார் காற்று | சித்தூர், பாலக்காடு மாவட்டம்

ஆக்டேவ் மாண்டலின் ஒன்றை ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்கியிருக்கிறேன். நம் பக்கத்தில் இதை வாசிப்பவர்கள் மிகக் குறைவு. கடைக்குப் போய் கையில் எடுத்துப் பார்த்து வாங்கவும் வழி இல்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

புதியவர்களுக்கு ஒரு வரி: மாண்டலினின் அதே ஜி, டி, ஏ, இ ஸ்ருதிகள், அதே இரட்டைத் தந்தி, ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. மாண்டலினில் அடி ஜி 196 ஹெர்ட்ஸ் என்றால் இதில் 98. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் கோயில் பாடகர் குழுவில் ஆண் குரல்களோடு மாண்டலின் வாசிக்கும்போது அது எப்போதும் பாட்டுக்கு மேலே தனியாக நின்றது. இது குரலுக்குள்ளேயே போய் உட்காருகிறது. நான் இதைத் தேடியதற்குக் காரணம் அதுதான்.

முதலில் பார்க்க வேண்டியது நட்டிலிருந்து (தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் சின்னக் கட்டை) பிரிட்ஜ் (மேல்பலகையில் தந்தியைத் தாங்கும் கட்டை) வரை உள்ள தந்தி நீளம், அதாவது ஸ்கேல் லெங்த். மாண்டலினில் இது 14 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஆக்டேவ் மாண்டலினில் பெரும்பாலும் 20-இலிருந்து 23 அங்குலம் வரை. 24-ஐத் தாண்டினால், இதைவிட நீண்ட உறவு வாத்தியமான ஐரிஷ் பௌசூக்கிப் பக்கம் போய்விடும். 20-க்கும் 22-க்கும் இரண்டு அங்குலம்தானே என்று விடாதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள கம்பி) வைத்துச் சுண்டுவிரலை ஏழாம் ஃப்ரெட்டுக்கு நீட்ட மாண்டலினில் 3.1 அங்குலம் போதும். 20 அங்குல ஸ்கேலில் அது ஏறக்குறைய 4.5, 22-இல் 4.9, 23-இல் ஐந்தைத் தாண்டிவிடுகிறது. தனி ஸ்வரமாக மெட்டு வாசிக்கிறவருக்கு அந்த அரை அங்குலம் பெரிய விஷயம். கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) போட்டுப் பாட்டுக்குத் துணை வாசிக்கிறவருக்கு அவ்வளவு இல்லை. அவருக்கு நீளம் அதிகமாக இருந்தால் அடித் தந்தி இன்னும் திடமாகவே பேசும். அதே தந்தியை அதே ஸ்ருதியில் 20-க்குப் பதில் 22-இல் கட்டினால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது, அதனால்தான் அந்தத் திடம். விரலுக்கும் அதே அளவு வேலை கூடும்.

சரி, செய்பவரை எப்படித் தேர்ந்தெடுப்பது? இதில் எனக்குத் தெளிவு வந்தது பெருவெம்பில். மிருதங்கம், செண்டை, மத்தளம் செய்யும் ஊர். நண்பனின் மிருதங்கத்துக்கு வார் மாற்ற அவனோடு போயிருந்தேன். அப்போது புதிது ஒன்று கேட்டு வேறொருவர் வந்தார். அங்கிருந்த பெரியவர் விலை பேசவே இல்லை. "யாருக்கு வாசிக்க? என்ன ஸ்ருதி?" என்றுதான் ஆரம்பித்தார். 22 அங்குலக் கட்டையா 24 அங்குலக் கட்டையா என்ற பேச்சு அதற்கு அப்புறம்தான். பலாக்கட்டை எவ்வளவு காலம் காய்ந்தது என்பதை யாரும் கேட்காமலே சொன்னார்.

அன்றிலிருந்து வெளிநாட்டில் செய்பவர்களின் மின்னஞ்சலையும் அந்தக் கண்ணோடுதான் படித்தேன். ஒருவர் விலைப்பட்டியலும் கலர் படங்களும் அனுப்பினார், அவ்வளவுதான். இன்னொருவர் கேள்விகளாக அனுப்பினார். இப்போது என்ன வாத்தியம் வாசிக்கிறாய், மெட்டா கார்டா, யாரோடு சேர்ந்து வாசிப்பாய், வீட்டில் மழைக்காலத்தில் ஈரப்பதம் எவ்வளவு போகும், ஏசி உண்டா. கையை விரித்து ஸ்கேல் மேல் வைத்துப் படம் அனுப்பச் சொன்னார். நான் 22 கேட்டிருந்தேன். என் விரலைப் பார்த்துவிட்டு 20.5 போதும் என்றார். அவரிடமே கொடுத்தேன். அவருடைய விலை அதிகம், காத்திருப்பும் அதிகம், ஆனாலும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஈரப்பதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாலக்காட்டுக் கணவாயில் இருக்கும் நமக்கு இதுதான் உயிர். டிசம்பர் வாக்கில் வாளையார் பக்கமிருந்து வறண்ட காற்று வீசத் தொடங்கும், உதடு வெடிக்கும். ஜூன் பிறந்தால் அதே வீட்டில் துணி காயாது. நல்ல வாத்தியத்தின் மேல்பலகை ஒட்டுப்பலகை இல்லை, முழு ஸ்ப்ரூஸ் மரம். அது ஈரத்தில் உப்பும், வறட்சியில் இறங்கும். உப்பினால் தந்தி உயர்ந்து விரல் வலிக்கும், இறங்கினால் ஃப்ரெட்டில் பட்டு இரையும். எங்கள் மாதிரி ஊருக்கு நான் சொல்வது, ஒட்டாத பிரிட்ஜ், அதிலும் திருகி உயரம் மாற்றும் சக்கரம் உள்ளது. காலம் மாறும்போது நாமே கால் சுற்று திருப்பிக்கொள்ளலாம். கிட்டார் போல ஒட்டிய பிரிட்ஜ் உள்ளவற்றின் ஒலி எனக்கும் பிடிக்கும், சத்தம் அதிக நேரம் நிற்கும். ஆனால் உயரத்தைச் சரிசெய்ய ஒவ்வொரு முறையும் ஆளைத் தேட வேண்டும். பெட்டிக்குள் சின்ன ஈரமானி ஒன்று வைத்து 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் வைத்திருக்கப் பார்க்கிறேன்.

நகரி ஐந்து தந்தி | நகரி, ஆந்திரா

அண்ணா, நல்ல பதிவு. நான் வேறு வழியிலிருந்து வந்தவன். எங்கள் பக்கம் மாண்டலின் என்றாலே பாலகொல்லில் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ்தான். 1978-இல் குடிவாடாவில் சின்னப் பிள்ளையாக மேடையேறியவர். கர்நாடக சங்கீதத்துக்காக இரட்டைத் தந்தியை விட்டுவிட்டு, ஒற்றையாக ஐந்து தந்தி போட்ட மின் மாண்டலினில் வாசித்தார். காரணம் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது. ஜோடித் தந்தியை அழுத்தி இழுத்தால் இரண்டும் ஒரே அளவு இழுபடுவதில்லை, ஸ்ருதி பிரிந்து கசக்கும்.

மந்த்ர ஸ்தாயி, அதாவது கீழ் ஸ்தாயி ஆசையில் நானும் ஆக்டேவ் மாண்டலின் தேடினேன். பெங்களூரில் ஒரு நண்பரிடம் ஈஸ்ட்மேன் கம்பெனியுடையது ஒன்று இருந்தது. சீனாவில் செய்வது, முழு மரம், விலை கைக்கு எட்டுகிற மாதிரி. ஒரு சாயங்காலம் முழுக்க வாசித்தேன். மெட்டு வாசிக்கவும் துணை வாசிக்கவும் அருமை. தோடி ராகத்தில் காந்தாரத்தை அசைக்கப் போனபோது அது என் வேலைக்கு இல்லை என்று தெரிந்தது. நண்பர் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு தந்தியைக் கழற்றிக் கொடுத்தார். கமகம் வந்தது, ஆனால் ஒலி மெலிந்துபோனது. எட்டுத் தந்தியின் சுமைக்காகக் கட்டிய மேல்பலகை நான்கு தந்திக்கு அவ்வளவாக அசையவில்லை.

ஆகவே ராகம் வாசிக்க நினைப்பவர்கள் தொடக்கத்திலேயே செய்பவரிடம் ஒற்றைத் தந்தி என்று சொல்லுங்கள். மேல்பலகையின் கனம், உள்ளே வரும் கட்டைகள், நட், பிரிட்ஜ் எல்லாம் அதற்காகச் செய்யப்பட வேண்டும். வாங்கியபின் மாற்றிக்கொள்ளலாம் என்பது நடக்காது.

மறையூர்க்காரி | மறையூர், இடுக்கி

நான் பழையது வாங்கினேன். தம்பி இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான், அங்கே ஃபோக் இசைக்காரர்கள் மத்தியில் இந்த வாத்தியம் சாதாரணமாகக் கிடைக்கிறது. நார்தம்பர்லாண்டின் ஸ்டெஃபான் சோபெல் 1970-களில் இதே குடும்பத்துச் சிட்டர்ன் வாத்தியத்தைச் செய்யத் தொடங்கிய பிறகுதான் பிரிட்டனில் இந்தக் குடும்ப வாத்தியங்களுக்கு இவ்வளவு கைகள் வந்தன என்பார்கள். ரோஜர் பக்னலின் ஃபைல்டு பட்டறையும் அதே காலத்து ஆரம்பம்தான். அந்தப் பெயர்கள் எனக்குக் கட்டுபடியாகவில்லை. பெயர் தெரியாத ஒருவர் செய்ததை ஒரு இசைக்காரரிடமிருந்து தம்பி வாங்கினான்.

தம்பி கையில் வைத்துக்கொண்டு வீடியோ அழைப்பில் காட்ட, நான் பார்க்கச் சொன்னவை இவை. ஓசைத் துளையின் விளிம்பில் மரத்தின் ரேகை மேலிருந்து கீழே தொடர்கிறதா? முழு மரமானால் தொடரும், ஒட்டுப்பலகையானால் அடுக்குகள் தெரியும். அப்புறம் நெக்கை நேராகப் பிடித்து, தலைப்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடி, வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். தந்தியைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தொட்டு எழும் நாதமும் அங்கே அழுத்தி வரும் ஸ்வரமும் ஒன்றா என்று ட்யூனரில் பார்த்தோம். கொஞ்சம் விலகியிருந்தது, பிரிட்ஜை ஒரு மயிரிழை நகர்த்தினான், சரியாகிவிட்டது. கழுத்துக்குள் டிரஸ் ராட் (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் கம்பி) இருக்கிறதா என்பதை உரிமையாளரிடமே கேட்கச் சொன்னேன். இருந்தது. அது இல்லாத பழைய வாத்தியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எங்கள் மலை ஈரத்துக்குத் துணிந்து எடுக்க மாட்டேன்.

ஒன்று கேட்டு மகிழ்ந்தேன். இதன் பின்பலகை இந்திய ரோஸ்வுட், அதாவது நம் மலையின் ஈட்டி மரம். இங்கிருந்து போன மரம் சீமையில் வாத்தியமாகித் திரும்பி எங்கள் வீட்டுக்கே வந்திருக்கிறது! மரம் பற்றிய சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதும் சைட்டீஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலுக்குள் வந்தபோது வாத்தியத்தை எல்லை தாண்டிக் கொண்டுபோகவே பலர் திண்டாடினார்கள். 2019 நவம்பர் கடைசியில், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்துவிட்டது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு கிடையாது, பழைய வாத்தியம் வாங்குகிறவர்கள் எந்த மரம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

செங்கோட்டை பாசஞ்சர் | ஆரியங்காவு

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. கையில் சேமிப்பு அதிகம் இல்லை. நெட்டில் அமெரிக்கப் பாடகி சாரா ஜரோஸ் வாசிப்பதைக் கேட்டு மயங்கியவன் நான். அவர் வைத்திருப்பது ஃப்ளெட்சர் ப்ராக் என்பவர் செய்தது என்று படித்தேன். அது மாதிரி ஒன்றுக்காகப் பல வருடம் காத்திருக்கலாமா, இல்லை மலிவாக ஒன்று வாங்கி ஆரம்பிக்கலாமா?

வாளையார் காற்று

தம்பி, முழு மர மேல்பலகையுள்ள நடுத்தர விலையில் ஒன்றை எடுத்து இப்போதே ஆரம்பியுங்கள். ஈஸ்ட்மேன் மாதிரி ஒன்று போதும். ஒரு வருடம் வாசித்தால்தான் உங்கள் கைக்கு 20-ஆ 22-ஆ, மெட்டா கார்டா என்பது உங்களுக்கே தெரியும். அது தெரியாமல் பெரிய ஆளிடம் போனால் அவர் கேட்கிற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. அமெரிக்காவின் மொன்டானாவில் ப்ரூஸ் வெபர் 1997-இல் தொடங்கிய வெபர் கம்பெனியின் ஆக்டேவ் மாண்டலின்களும் பழையதாகச் சில நேரம் விற்பனைக்கு வரும். நான் ஒன்று வாசித்திருக்கிறேன், செதுக்கிய மேல்பலகை, அடி ஜி வயிற்றில் அதிரும்.

நகரித் தம்பி சொன்னதை நான் முழுக்க ஏற்கிறேன், ஆனால் கமகத்துக்காக மட்டும் ஜோடித் தந்தியைக் கைவிட வேண்டாம் என்பது என் எண்ணம். பாட்டுக்குத் துணை போக அந்த இரட்டை ஒலிதான் அழகு.

மறையூர் அக்கா, தம்பி விமானத்தில் எப்படிக் கொண்டுவந்தார்?

மறையூர்க்காரி

கெட்டிப் பெட்டியில் வைத்துத்தான். தந்திகளை முழுதாகத் தளர்த்தாமல் ஒரு சுரம் அளவு இறக்கினான். முழுக்கத் தளர்த்தினால் ஒட்டாத பிரிட்ஜ் சரிந்து விழும். பிரிட்ஜின் இடத்தை முன்னாலேயே மேல்பலகையில் பேப்பர் டேப் ஒட்டி அடையாளம் வைத்திருந்தான். வீட்டுக்கு வந்ததும் பெட்டியை உடனே திறக்கவில்லை, ஒரு நாள் மூடியே வைத்தோம். கொச்சியிலிருந்து காரில் வரும்போது டிக்கியில் போடாமல் பின்சீட்டில் வைத்துக்கொண்டான். வெயிலில் டிக்கிச் சூடு பசையை இளக்கிவிடும்.

நகரி ஐந்து தந்தி

தந்தி எங்கே வாங்குகிறீர்கள் அண்ணா? இங்கே சென்னைக் கடைகளில் மாண்டலின் செட்டுதான் கிடைக்கிறது.

வாளையார் காற்று

டாடாரியோ கம்பெனியின் ஈஜே80 செட், கனம் 12-இலிருந்து 46 வரை (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). ஆன்லைனில் இரண்டு மூன்று செட் சேர்த்து வரவழைத்துக்கொள்கிறேன். அது வராத சமயத்தில் கிட்டார்க் கடையில் ஒற்றைத் தந்திகளாக 12, 22, 32, 46 பார்த்து ஜோடி ஜோடியாக வாங்கலாம். ஆனால் வாங்கும் முன், தந்தியின் அடிமுனை மாட்டும் டெயில்பீஸைப் பாருங்கள். வளையமுனைத் தந்தி மாட்டுவதாக இருந்தால் கிட்டார் தந்தியின் குண்டு முனை நிற்காது. என்னுடையதில் இரண்டும் மாட்டலாம், அதையும் செய்பவரிடம் கேட்டு வாங்கினேன்.