மறுமொழி: அரபு முறையெண்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது?

புலவர் ஐயாவுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம். தமிழில் நான் எழுதிவரும் அரபுப் பாடநூலில், ‘முதலாவது’, ‘மூன்றாவது’ போன்ற சொல்வகைக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டிருந்தேன். அதற்கு ஐயா கேட்டது:

> ‘வரிசை எண்’ என்று ஏற்கெனவே புழங்கும் சொல் இருக்கிறதே. அதை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் தேட வேண்டும்?

ஐயா, ‘வரிசை எண்’ என்றதும் மாணவன் நினைப்பில் வருவது எந்தப் பட்டியலிலும் முதல் கட்டத்தில் இருக்கும் ‘வ.எண்’. அங்கே 1, 2, 3 என்றுதான் எழுதியிருக்கும். முதலாவது, இரண்டாவது என்று யாரும் எழுதுவதில்லை. எனக்கு வேண்டியதோ ‘மூன்றாவது’ என்ற சொல்வகைக்கு ஒரு பெயர். இன்னொரு நண்பர் சொன்ன ‘நிரலெண்’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘நிரல்’ என்ற சொல்லைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இனித் திருப்பிக் கேட்க முடியாது. இன்றைய அரபு இலக்கணப் புத்தகங்களில் இதன் பெயர் ‘அல்-அதத் அத்-தர்தீபி’. தர்தீப் என்றால் முறைப்படுத்தல். ஆகவே பொதுப்பெயராக ‘முறையெண்’ இருக்கட்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை.

சிக்கல் அதற்கு அடுத்த படியில் வருகிறது.

அரபில் இரண்டு முதல் பத்துவரை முறையெண் எல்லாம் ஒரே அச்சில் வரும்: ஸானி, ஸாலிஸ், ராபிஉ, காமிஸ், ஸாதிஸ், ஸாபிஉ, ஸாமின், தாஸிஉ, ஆஷிர். இந்த அச்சை அவர்கள் ‘ஃபாஇல்’ என்பார்கள். ‘ஃபஅல’ என்றால் ‘செய்தான்’. ‘ஃபாஇல்’ என்றால் ‘செய்பவன்’. எழுதுபவன் ‘காதிப்’, அறிபவன் ‘ஆலிம்’, நாலாமவன் ‘ராபிஉ’, மூன்றுக்கும் ஒரே வார்ப்பு. நம் இலக்கணமும் ‘செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம்’, ‘செய்யும் என்னும் வாய்பாட்டுப் பெயரெச்சம்’ என்று ‘செய்’யை வைத்துத்தான் அச்சுக் காட்டுகிறது. அதனால் இந்த அச்சைக் குறிக்கும் அரபுச் சொல்லான ‘வஸ்ன்’ என்பதற்கு ‘வாய்பாடு’ என்று எழுதிவிட்டேன். இதற்கு எதிர்ப்பு வராது என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் இந்த அச்சுக்குள் வராது. முதலாவது ‘அவ்வல்’, பெண்பாலில் ‘ஊலா’. தமிழிலும் அதே கதைதான்: இரண்டாவது, மூன்றாவது என்று எண்ணிலிருந்து வருகிறது, முதலாவது மட்டும் வேறு சொல்லிலிருந்து வருகிறது. இருபத்தொன்றுக்குப் போனால் நாமும் ‘இருபத்து முதலாம்’ என்பதில்லை, அவர்களும் ‘அவ்வல்’ சொல்வதில்லை. ‘அல்-ஹாதி வல்-இஷ்ரூன்’ என்பார்கள். இந்த ‘ஹாதி’ வேறு யாரும் அல்ல, ஒன்று என்று பொருள்படும் ‘வாஹித்’தான். முதலெழுத்து கடைசிக்குப் போய்விட்டது, விசிறி சிவிறி ஆனதுபோல. (நம் நாள்காட்டிகளில் ஓர் இஸ்லாமிய மாதத்தை ‘ஜமாதுல் அவ்வல்’ என்று அச்சடிக்கிறார்கள். ‘ஜுமாதா’ பெண்பால் சொல். இலக்கணப்படி ‘ஜுமாதல் ஊலா’ என்றுதான் வர வேண்டும். ரபீஉல் அவ்வலில் அந்தக் குறை இல்லை, ‘ரபீஉ’ ஆண்பால்.)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ‘ராபிஉ’ செய்பவன் வாய்பாடு என்றால், அவன் என்ன செய்கிறான்?

பழைய அரபு இலக்கணக்காரர்கள் இதில் இரண்டு வழக்குகளைப் பிரிக்கிறார்கள். ‘ராபிஉ அர்பஅதின்’ என்றால் நால்வரில் ஒருவர். ‘ராபிஉ ஸலாஸதின்’ என்றால், சொல்லுக்குச் சொல் ‘மூவரின் நாலாமவர்’. அதாவது மூவரோடு சேர்ந்து அவர்களை நால்வர் ஆக்கியவர். இரண்டாவது வழக்கு வெறும் கற்பனை அல்ல. ‘மூவர் இருந்தார்கள், நான் அவர்களை நால்வராக்கினேன்’ என்பதற்கு ‘ரபஅ’ என்று தனி வினையே அரபில் உண்டு. 1274இல் டமாஸ்கஸில் இறந்த இலக்கணக்காரர் இப்னு மாலிக், செய்யுளில் எழுதிய தம் இலக்கண நூலான அல்ஃபிய்யாவில் இதை இரண்டே அடிகளில் முடித்துவிடுகிறார்: எந்த எண்ணிலிருந்து சொல் பிறந்ததோ அதன் பகுதியைக் குறித்தால் ஒரு விதி, சிறிய எண்ணை அதற்கு மேலுள்ள எண்ணாக ஆக்குவதைக் குறித்தால் ‘ஜாஇல்’ என்பதற்குரிய விதி. ஜாஇல் என்றால் ஆக்குபவன்.

குர்ஆனில் இரண்டுமே வருகின்றன. 9:40இல் (அத்தியாயம் 9, வசனம் 40) ‘ஸானிய இஸ்னைனி’, இருவரில் இரண்டாமவராக. இது பகுதி. 18:22 குகைத்தோழர்களின் எண்ணிக்கையைப் பற்றிய பேச்சு. மூவர் என்பார்கள், ‘ராபிஉஹும்’ அவர்களுடைய நாய். ஐவர் என்பார்கள், ‘ஸாதிஸுஹும்’ அவர்களுடைய நாய். எழுவர் என்பார்கள், ‘ஸாமினுஹும்’ அவர்களுடைய நாய். இதை ‘அவர்களில் நான்காவது அவர்களுடைய நாய்’ என்று தமிழில் போட்டால் கணக்கு உதைக்கிறது. மூவரில் நான்காவது எப்படி வரும்? ‘அவர்கள்’ என்பது அந்த மூவரை மட்டும்தான் குறிக்கிறது. நாய் வந்து சேர்ந்ததால் நான்கு ஆனது. 58:7இல் இன்னும் கவனம் வேண்டும்: மூவர் இரகசியம் பேசினால் அவன் ‘ராபிஉஹும்’, ஐவர் பேசினால் ‘ஸாதிஸுஹும்’. ‘அவர்களில் நான்காமவன்’ என்று எழுதுவது இறைவனை அந்தக் கூட்டத்தில் ஓர் ஆளாக்கிவிடும். ‘அவர்களுடன் நான்காமவனாக’ என்பது எவ்வளவோ மேல்.

ஆகவே பாடநூலுக்கு இரண்டு உட்பெயர்கள் தேவை. என் முன்மொழிவு: நால்வரில் நாலாவதைக் குறிப்பது ஆமெண், மூவரை நால்வராக்குவதைக் குறிப்பது ஆக்கெண். இரண்டும் சேர்ந்து முறையெண்.

‘ஆம்’, ‘ஆவது’ இரண்டும் ‘ஆகு’ வினையிலிருந்து வந்தவை என்பதைத் தொல்காப்பிய வேற்றுமையியலே காட்டிக்கொடுக்கிறது: ‘இரண்டாகுவதே ஐயெனப் பெயரிய வேற்றுமைக் கிளவி’. இரண்டாவது என்பது அங்கே இன்னும் சுருங்காமல் ‘இரண்டாகுவது’ என்றே நிற்கிறது. ஆகுவது தன்வினை, ஆக்குவது பிறவினை. அரபுக்காரர் இரண்டையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டு, பின்னால் வரும் எண்ணைப் பார்த்துப் பிரித்துக்கொள் என்கிறார். தமிழில் வினையை வைத்தே பிரித்துவிடலாம்.

*

தம்பி,

முறையெண் சரி. ஆமெண்ணும் சரி, புணர்ச்சியும் கெடவில்லை. ஆனால் ஆமெண், ஆக்கெண் இரண்டும் வகுப்பில் வாயால் சொல்லும்போது ஒன்றுபோல் விழும். பின்வரிசைப் பையன் எதை எழுதுவான்?

வடமொழி இலக்கணம் செய்த பாணினி முறையெண் விகுதிகளைச் சொல்லும் இடத்தில் ‘பூரணம்’ என்ற சொல்லை ஆள்கிறார். நாலாவது வந்து நாலை நிறைவிக்கிறது என்பது கருத்து. உங்கள் ‘ஆக்குபவனுக்கு’ இது பக்கத்தில்தானே வருகிறது? ‘நிறைவெண்’ என்று வைத்தால் என்ன?

இன்னொன்று. தொடக்க நிலை மாணவனுக்கு இதெல்லாம் எதற்கு? துபாயிலோ குவைத்திலோ வேலைக்குப் போகிறவனுக்கு மாடிக் கணக்கும் தேதியும் சொல்லத் தெரிந்தால் போதாதா?

*

ஐயா,

நிறைவெண் அழகான சொல். ஆனால் நால்வரில் ஒருவராக இருந்தாலும் நாலு நிறைகிறது, மூவரோடு வந்து சேர்ந்தாலும் நாலு நிறைகிறது. நான் பிரிக்கப் பார்ப்பதை அது மறுபடி ஒட்டிவிடுகிறது. அதனால் வேண்டாம்.

காதில் ஒன்றுபோல் விழும் என்பது நியாயமான பேச்சு. ‘ஆக்கெண்’ என்பதை ‘ஆக்குமெண்’ என்று நீட்டிவிடுகிறேன். ஆமெண், ஆக்குமெண். இனிக் குழப்பம் இருக்காது.

தொடக்க நிலை பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இந்தப் பிரிவு இரண்டாம் பாகத்துக்குப் போகிறது. முதல் பாகத்தில் முறையெண் என்ற ஒரே பெயர்தான். ஆனால் அங்கேயும் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன்: முறையெண்ணை முதலில் வைத்து, சாதாரண எண்ணைப் பின்னால் தள்ளிவிட்டேன். வழக்கமான பாடநூல்கள் தலைகீழாகச் செய்கின்றன, அங்கேதான் மாணவன் இடறுகிறான். மூன்று முதல் பத்துவரை அரபு எண்கள் பாலில் முரண்டு பிடிக்கும்: மூன்று பையன்கள் ‘ஸலாஸது அவ்லாத்’, மூன்று பெண்கள் ‘ஸலாஸு பனாத்’. பெண்பால் விகுதி பையன்களோடு போய் ஒட்டிக்கொள்ளும். இதைப் பாடுபட்டு மனப்பாடம் செய்தவன் அடுத்த பாடத்தில் முறையெண்ணையும் அதேபோல் திருப்பிப் போட்டுவிடுகிறான். முறையெண்ணிலோ முரண்டே இல்லை: மூன்றாவது பையன் ‘அல்-வலது அஸ்-ஸாலிஸ்’, மூன்றாவது பெண் ‘அல்-பின்து அஸ்-ஸாலிஸா’. நேரான பாதையை முதலில் நடக்க விடலாமே.

பழக்க உதாரணங்களை உங்கள் குவைத்திலிருந்தே எடுத்திருக்கிறேன். அங்கே வட்டச் சாலைகளுக்கு முறையெண்தான் பெயர். நம் ஆட்கள் ‘ஃபோர்த் ரிங் ரோடு’ என்பது பலகையில் ‘அத்-தாஇரி அர்-ராபிஉ’. அரசர் பெயருக்கு மொராக்கோ: ‘முஹம்மது அஸ்-ஸாதிஸ்’, ஆறாம் முஹம்மது. தேதிக்கு எகிப்து. 1973 போர் தொடங்கிய நாளை வைத்துக் கெய்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு நகரத்துக்கே ‘அஸ்-ஸாதிஸ் மின் உக்தூபர்’ என்று பெயர். ஆனால் தெருவில் இறங்கினால் ‘சித்தா உக்தோபர்’தான், ஆறு அக்டோபர். ஆட்பெயருக்கு ராபிஆ: பஸ்ராவின் சூஃபி ஞானி ராபிஆ நாலாவது மகளாகப் பிறந்ததால் அந்தப் பெயர் என்பது மரபு. நம் ஊரில் மூத்த மகளுக்கும் ராபியா என்று வைக்கிறோம், அது தனிக் கதை.

சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்: முறையெண் – அல்-அதத் அத்-தர்தீபி. ஆமெண் – எண்ணின் பகுதியைக் குறிக்கும் முறையெண், இருவரில் இரண்டாமவர். ஆக்குமெண் – சிறிய எண்ணை அடுத்த எண்ணாக்கும் முறையெண், மூவரை நால்வராக்குபவர். வஸ்ன் – வாய்பாடு.

பதினொன்றுக்கு வந்தால் ஒரு சொல் பாக்கி நிற்கிறது. ‘அல்-ஹாதிய அஷர’ (பதினோராவது) என்பதில் இரண்டு பாதியும் எந்த வேற்றுமையிலும் அசையாமல் அகரத்திலேயே முடியும். அவர்கள் இதற்கு ‘மப்னி’ என்கிறார்கள், கட்டி முடித்தது என்று பொருள். ‘திரியாச் சொல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘திரிசொல்’ நம்மிடம் வேறு பொருளில் இருப்பதால் இடிக்கிறது. ஐயாவோ மற்றவர்களோ வேறு சொல் வைத்திருந்தால் தாருங்கள். அச்சுக்குப் போகும்வரை அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.