பக்கத்துக் காணியில ஓக் மரம்: மோட்கேஜுக்கு மர ரிப்போட் கேட்கினம், யாரிட்ட எடுக்கிறது?

ஹரோ_வாசி:
வணக்கம். லண்டன் ஹரோவில 1930களில கட்டின செமி டிடாச்ட் வீடு ஒன்று வாங்கப் பார்க்கிறம். எங்கட விலைக்கு விற்கிறவர் ஓம் என்றிட்டார். வங்கி அனுப்பின வேல்யூவர் (வீட்டை மதிப்பிடுறவர்) பின்பக்கத்து ஓக் மரத்தைப் பார்த்திட்டு, தகுதியுள்ள ஆர்போரிகல்ச்சர் (மரவியல்) நிபுணரின்ர ரிப்போட் வேணும் என்று எழுதியிருக்கிறார். அது வராமல் கடன் இல்லையாம்.

ஓக் நிற்கிறது பக்கத்து வீட்டுக் காணியில. எங்கட பின்சுவரில இருந்து கிட்டத்தட்ட 9 மீட்டர், உயரம் 15 மீட்டர் இருக்கும். முன்னால ரோட்டோரம் கவுன்சிலின்ர செரி மரம் ஒன்று, பே விண்டோவுக்கு (வெளியில தள்ளி நிற்கிற முன் ஜன்னலுக்கு) 5 மீட்டர்.

லெவல் 2 சேர்வே (வாங்கமுதல் வீட்டின்ர நிலையைப் பார்க்கிற நடுத்தர சோதனை) எடுத்தாச்சு, அது காணாதோ? பக்கத்து வீட்டுக்காரரோட கதைச்சு மரத்தை வெட்டுவிக்கிறன் என்று விற்கிறவர் சொல்லுறார். விடலாமோ? வீட்டு இன்சூரன்ஸும் சிக்கலாகுமோ?

களிமண்_கால்:
லெவல் 2 காணாது. அந்த சேர்வேயர் மரம் கிட்ட நிற்குது என்று எழுதுவார், அதோட அவற்ற வேலை முடிஞ்சுது. வங்கிக்கு வேண்டியது வேற: அந்த மரம் மண்ணின்ர தண்ணியை உறிஞ்சி இப்ப சுவரை அசைக்குதா, இனி வளர்ந்தால் அசைக்குமா, என்ன செய்யவேணும், இந்த மூன்றுக்கும் ஒருவர் பொறுப்பெடுத்து எழுதின பதில்.

ஆள் தேடேக்க மரம் வெட்டுற கம்பெனியைக் கூப்பிடாதேங்கோ. வெட்டினால் காசு கிடைக்கிற ஆள் எழுதின ரிப்போட்டைப் பல வங்கிகள் ஏற்காது. ஆர்போரிகல்ச்சரல் அசோசியேஷனில பதிவு பெற்ற கன்சல்டன்ட், அல்லது இன்ஸ்டிடியூட் ஒஃப் சார்ட்டர்ட் ஃபொரஸ்டர்ஸ் உறுப்பினர் வேணும். தொழில்சார் பொறுப்புக் காப்புறுதி இருக்குதா என்று கேளுங்கோ. கேட்கேக்கயே "மோட்கேஜ், இன்சூரன்ஸ் தேவைக்கான மர ரிப்போட்" என்று சொல்லிப்போடுங்கோ. வெறுமனே மர சேர்வே என்றால் பிஎஸ் 5837 என்ற பிரித்தானியத் தர முறையில செய்து தந்திடுவினம். அது புதுக் கட்டடத்துக்குப் பிளானிங் அனுமதி எடுக்கிறதுக்கு, உங்களுக்கு உதவாது. ரிப்போட் உங்கட பேருக்கும் வங்கியின்ர பேருக்கும் எழுதப்படவேணும். விற்கிறவர் எடுத்துத் தந்த ரிப்போட்டில பிழை இருந்தால் நீங்கள் யாரையும் கேட்கேலாது.

உள்ளே இருக்கவேண்டியது: ஒவ்வொரு மரத்தின்ர இனம், உயரம், தரையில இருந்து 1.5 மீட்டரில அடிமரத்தின்ர விட்டம், சுவருக்கும் மரத்துக்கும் இடையில தூரம், யாருக்குச் சொந்தம், பாதுகாப்பு உத்தரவு (அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்ற கவுன்சில் உத்தரவு) இருக்குதா, மண் வகை, செய்யவேண்டிய வேலை, அதுக்குக் காலக்கெடு. வேலியோட நிற்கிற லைலாண்டி (வேலிக்கு வைக்கிற ஊசியிலை மரம்), ஹோதோர்ன் (முள்மரம்) எல்லாத்தையும் சேர்க்கச் சொல்லுங்கோ. கண்ணுக்குப் பெரிசாத் தெரியாத வேலி மரங்கள்தான் கன இடங்களில தண்ணியை உறிஞ்சிறது.

தூரக் கணக்கு: புது வீடுகளுக்கு உத்தரவாதம் குடுக்கிற என்எச்பிசி அமைப்பின்ர விதி 4.2இல ஓக், வில்லோ, பொப்லர், லைலாண்டி எல்லாம் அதிக தண்ணி குடிக்கிற வகை. முழு வளர்ச்சி உயரத்தை 1.25ஆல பெருக்கவேணும். ஓக்குக்கு 20 மீட்டர் என்றால் 25 மீட்டர் வரைக்கும் அதின்ர செல்வாக்கு. செரி நடுத்தர வகை, 0.75. பேர்ச், மக்னோலியா குறைந்த வகை, 0.5. அந்த விதிப்படி இன்றைக்கு 9 மீட்டரில ஓக் நிற்க ஒரு வீடு கட்டினால், சுருங்குற களிமண்ணில அத்திவாரம் 2 மீட்டரையும் தாண்டும். 1930 வீடுகளுக்குப் பெரும்பாலும் அரை மீட்டர் ஆழம்தான். அதுதான் வேல்யூவர் பயந்தது. ஆனால் இந்தக் கணக்கை வச்சுப் பழைய வீடு கட்டாயம் இறங்கும் என்று முடிவெடுக்கக் கூடாது. எத்தனையோ ஓக் மரங்கள் வீட்டுக்குப் பக்கத்தில சும்மா நிற்குது.

தூண்_பொறியாளர்:
மரத்தை வெட்ட மட்டும் விடாதீங்க. நண்பர் மேலே சொல்லாமல் விட்ட முக்கியமான விஷயம் இதுதான்.

ஹரோ பக்கம் லண்டன் களிமண். வேர் தண்ணீரை உறிஞ்சினால் சுருங்கும், தண்ணீர் திரும்பினால் உப்பும். ஓக் வீட்டை விட வயதானதாக இருந்தால், வீடு கட்டும்போதே அடிமண் காய்ந்திருக்கும். மரத்தை எடுத்ததும் அந்த மண் வருடக்கணக்கில் மெல்ல ஊறி, அஸ்திவாரத்தை மேலே தள்ளும். இதற்குப் பெயர் ஹீவ். அமிழ்ந்த வீட்டை விட உப்பிய வீட்டைச் சரிசெய்வது கஷ்டம். அதனால் ரிப்போர்ட்டில் மரத்தின் வயது, வீட்டின் வயது, ஹீவ் அபாயம் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். வெட்டச் சொல்கிற ரிப்போர்ட்டில் ஹீவ் பற்றி ஒரு வரி கூட இல்லையென்றால் அதை நம்பாதீர்கள்.

கிளைகளைக் கொஞ்சம் கழித்துவிட்டால் போதும் என்பதும் தவறு. உள்ளே நெரிசலைக் குறைக்கிற தின்னிங் செய்தாலும் மரம் குடிக்கிற தண்ணீர் பெரிதாகக் குறையாது. மரத்தின் கிளைக் குடையின் அளவையே கடுமையாகக் குறைக்க வேண்டும், திரும்பத் தழைத்துவிடுவதால் சில வருடத்துக்கு ஒரு முறை அதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

அடுத்து, வீட்டை நீங்களே ஒரு முறை மெதுவாகப் பாருங்கள். மரத்தால் வருகிற விரிசல் ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாகப் போகும், ஒரு முனை அகலமாகவும் மறுமுனை மயிரிழையாகவும் இருக்கும். உள்ளேயும் வெளியேயும் அதே இடத்தில் தெரியும். கோடை முடிவில் திறந்து, குளிர்காலம் முடிவதற்குள் மூடிக்கொள்ளும். ஏப்ரலில் பார்த்த வீடு சுத்தமாகத் தெரிந்தால் அதில் ஆச்சரியமில்லை. மாடி அறைக் கதவுகளை மூடிப் பாருங்கள்: கதவின் மேல்விளிம்பைச் சாய்வாகச் சீவியிருந்தால் சட்டம் கோணியிருக்கிறது. பே விண்டோ பிரதான சுவரோடு சேரும் இடத்தையும் பாருங்கள், அதன் அஸ்திவாரம் பல வீடுகளில் இன்னும் ஆழம் குறைவு.

வடிகாலுக்கு ஒரு கேமரா சோதனை செய்யுங்கள். நல்ல குழாயை வேர் உடைப்பதில்லை. கசிகிற இணைப்பைத் தேடித்தான் உள்ளே நுழைகிறது.

ஹரோ_வாசி:
மெத்தப் பெரிய நன்றி. இரண்டு விஷயம் விட்டுட்டன். பின்னால சமையலறை எக்ஸ்டென்ஷன் ஒன்று இருக்குது, 90களில கட்டினது. அது பழைய சுவரோட சேர்ற இடத்தில நேர்குத்தா ஒரு வெடிப்பு, 2 மில்லிமீட்டர் இருக்கும். மற்றது, ஓக்குக்குப் பாதுகாப்பு உத்தரவு இருக்கிறதாக கவுன்சில் வரைபடத்தில காட்டுது.

பொலிசி_பார்வை:
பாதுகாப்பு உத்தரவு இருந்தால் விற்கிறவரின்ர யோசனை அதோட சரி. அனுமதி இல்லாமல் வெட்டினால் வரம்பில்லாத அபராதம் வரலாம். வெட்டினவரும் வெட்டுவிச்சவரும் வெட்டவிட்ட பக்கத்து வீட்டுக்காரரும் அதில மாட்டலாம், நீங்கள் குடிபோக முதலே பகை. விண்ணப்பிச்சால் கவுன்சிலுக்கு 8 கிழமை அவகாசம். சப்சிடன்ஸ் (அடிமண் சுருங்கி வீடு இறங்கிறது) காரணம் காட்டினால் பொறியாளர் ரிப்போட், மண் சோதனை, அசைவு அளவீடு எல்லாம் கேட்பினம். உத்தரவு இல்லாமல் கன்சர்வேஷன் ஏரியாவில (கவுன்சில் பாதுகாக்கிற பழைய பகுதியில) நிற்கிற மரம் என்றால் 6 கிழமை முன்னறிவித்தல்.

இன்சூரன்ஸ்: சாதாரண பொலிசியில சப்சிடன்ஸுக்கு எக்ஸஸ் (நீங்கள் கையால போடுற பங்கு) வழமையா 1000 பவுண்ட். மரம் கிட்ட என்றால் கூட்டுவினம், அல்லது அந்தப் பகுதியை விலக்கிப்போடுவினம். விலக்கின பொலிசியை வங்கி ஏற்காது. எனவே விலையை மட்டும் பார்க்காமல், சப்சிடன்ஸ், ஹீவ், லாண்ட்ஸ்லிப் (மண்சரிவு) மூன்று சொல்லும் பொலிசியில இருக்குதா என்று வாசியுங்கோ. மரத்தைப் பற்றின கேள்வி கம்பெனிக்குக் கம்பெனி வேற. எத்தனை மீட்டர் உயரம், எத்தனை மீட்டர் தூரம் என்று கேட்டால் ரிப்போட்டில உள்ள இலக்கத்தை அப்படியே குடுங்கோ. பக்கத்துக் காணி மரமும் மரம்தான். 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி கேட்ட கேள்விக்குக் கவனமாப் பதில் சொல்லுறது உங்கட கடமை. கவனக்குறைவாப் பிழையாச் சொன்னால் கிளெய்ம் தொகையைக் குறைப்பினம், வேணுமென்று மறைச்சிருந்தால் பொலிசியையே இல்லாமல் ஆக்குவினம்.

காப்புறுதி எக்ஸ்சேஞ்ச் (ஒப்பந்தம் கட்டுப்படுத்துற நாள்) அன்றைக்கே தொடங்கவேணும், சாவி கையில வாற நாளில இல்லை. கோட்டேஷன் கையில இல்லாமல் எக்ஸ்சேஞ்ச் செய்யாதேங்கோ.

சொலிசிட்டரிட்ட சொல்லி, விற்கிறவர் வீட்டைப் பற்றி நிரப்பித் தாற டிஏ6 படிவத்தில முந்தின கிளெய்ம் பற்றின பதிலைத் திரும்பக் கேட்பியுங்கோ. எப்பவாவது சப்சிடன்ஸ் கிளெய்ம் நடந்திருந்தால் திருத்தின பிறகு குடுத்த கட்டமைப்புச் சான்றிதழை வாங்குங்கோ. அப்படியான வீட்டுக்கு வெளியில கம்பெனி தேடுறதை விட, இப்ப இருக்கிற இன்சூரன்ஸ் கம்பெனியே உங்கட பேரில தொடருமோ என்று கேட்கிறது சுகம்.

களிமண்_கால்:
அந்த 2 மில்லிமீட்டர் வெடிப்பு மர நிபுணரின்ர வேலை இல்லை. பழைய சுவருக்கும் எக்ஸ்டென்ஷனுக்கும் அத்திவார ஆழம் வேற, அதால இரண்டும் வேற வேற அளவில அசையும். நேர்குத்தா, மேலும் கீழும் ஒரே அகலம் என்றால் இணைப்பில வாற சாதாரண வெடிப்பாயிருக்கலாம். மேல அகலம் கூட என்றால் எக்ஸ்டென்ஷன் வெளிப்பக்கம் இறங்குது. சார்ட்டர்ட் ஸ்ட்ரக்ச்சரல் எஞ்சினியர் ஒருவரை முதல் கூப்பிடுங்கோ, அவற்ற ரிப்போட்டை மர நிபுணருக்கு அனுப்புங்கோ. வெடிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத மர ரிப்போட் வங்கிக்குப் போனால், எஞ்சினியர் ரிப்போட்டும் கொண்டுவா என்று திருப்பி அனுப்புவினம், இரண்டு மூன்று கிழமை வீண்.

ரோட்டோரச் செரிக்கு கவுன்சிலின்ர மரப் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டு, எத்தனை வருசத்துக்கொருக்கால் கழிக்கினம் என்று எழுத்தில எடுங்கோ. அந்தப் பதிலை ரிப்போட்டோட இணைக்கலாம்.