நிறை குறைப்பு ஒப்பரேஷன்: செய்தவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கோண்டாவில் தங்கச்சி:
என் அக்கா கொழும்பில் ஸ்லீவ் ஒப்பரேஷன் செய்தவர். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒடுங்கின குழாயாக விடுவார்கள். பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹோர்மோன் பெரும்பாலும் சுரப்பதே வெட்டுகிற அந்தப் பகுதியில்தான். அதனால் முதல் மாதங்களில் அக்காவுக்குப் பசி என்பதே இல்லை, மணிக்கூட்டைப் பார்த்துத்தான் சாப்பிட்டார். நிறை மளமளவென்று இறங்கியது.

ஆனால் அக்கா ஒருநாளும் பசிக்குச் சாப்பிட்ட ஆள் இல்லை. அத்தானோடு கொழுவினால் குசினிக்குள் போய் மிக்சர் போத்தலைத் திறப்பார். மகனின் சோதனை மறுமொழி வரும்வரை பகோடா. இப்போது ஒரு நீத்துப்பெட்டிப் புட்டை அவரால் சாப்பிட முடியாது, சரி. மிக்சரை ஒவ்வொரு பிடியாகப் பின்னேரம் முழுக்கக் கொறிக்கலாமே! அதைச் சின்ன இரைப்பை தடுக்காது. இரண்டாம் வருஷம் நிறை திரும்ப ஏறத் தொடங்கியது.

இதில் வேடிக்கை, அக்கா ஒழுங்கான ஆள். வீட்டுக் கணக்கு ஒரு சதம் பிசகாது. அந்த ஒழுங்கே அவருக்கு எதிரியாகிவிட்டது என்பது என் எண்ணம். ஒருநாள் தவறினால் அந்தக் கிழமையே போச்சென்று எல்லாவற்றையும் விட்டுவிடுவார். "இவ்வளவு காசைக் கொட்டி என்ன கண்டாய்?" என்று பெரியம்மா கேட்ட பிறகு கிளினிக்குக்குப் போவதையும் நிறுத்தினார். தராசில் ஏற வெட்கம்.

சுன்னாகம் நேர்ஸ்:
தங்கச்சி, அந்த வெட்கத்தை நான் கிளினிக்கில் நிறையப் பார்த்திருக்கிறேன். நிறை ஏறினவர்கள்தான் முதலில் வராமல் விடுவார்கள். வரவேண்டியவர்களே அவர்கள்தான். ஒப்பரேஷனுக்கு முன் மனநிலை பற்றிக் கேட்டால் பலர் பயந்து மறைக்கிறார்கள். மனச்சோர்வு இருந்தாலே நிறை குறையாது என்று ஆய்வுகள் உறுதியாகச் சொல்லவில்லை. ஒப்பரேஷனுக்குப் பிறகு, நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் சாப்பிடுகிற பழக்கம் வந்தால் அதுதான் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது. பொதுவாகத் திட்டப்படி நடக்கிறவர்களுக்குக் கொஞ்சம் வசதி, நினைத்தவுடன் செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். குணத்தை மட்டும் வைத்து யாருக்கும் சாத்திரம் சொல்ல முடியாது.

நல்லூர் மருமகன்:
கனடாவில் இருக்கிற என் மாமா இரைப்பை பைபாஸ் செய்தவர். இருதயத்துக்குச் செய்கிற பைபாஸ் இல்லை, இரைப்பையைச் சின்னப் பையாக்கி நேரே சிறுகுடலோடு இணைக்கிற நிறை குறைப்பு ஒப்பரேஷன். சபை கூடினால் ஆட்டிறைச்சிக் கறியும் பகிடியுமாக நடுவில் இருக்கிற மனிதர். கறி குறைந்தது, கிளாஸ் கூடிவிட்டது. பைபாஸுக்குப் பிறகு மதுபானம் சட்டென்று சிறுகுடலுக்குப் போய் இரத்தத்தில் வேகமாக ஏறும், கொஞ்சத்திலேயே தலைக்கேறும். 2012-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் குடிப்பழக்கச் சிக்கல் முதல் வருஷம் கூடவில்லை, இரண்டாம் வருஷம்தான் கூடியது. மாமாவுக்கும் அப்படியே. எல்லாரும் "வடிவாக மெலிந்துவிட்டார்" என்று புகழ்ந்துகொண்டிருந்ததால் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

கோண்டாவில் தங்கச்சி:
அக்காவைப் பிறகு ஒருமாதிரி மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். எங்கள் ஊரில் அதற்கு என்ன பேர் வைப்பார்கள் என்று தெரியும்தானே, அயலுக்கு சீனிக் கிளினிக் என்றே சொன்னோம். அங்கே இருந்தவர், என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதச் சொல்லவில்லை. சாப்பிடுவதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னார். அக்காவின் கொப்பியில் முதல் பக்கத்திலேயே மூன்று தரம்: "மாமி போன் எடுத்தவர்."

நல்லூர் மருமகன்:
அக்காவிடம் சொல்லுங்கள், என் மனைவி அந்தக் கொப்பியைப் பார்த்தால் தானும் ஒன்று வாங்குவார்.

சுன்னாகம் நேர்ஸ்:
பகிடி இருக்கட்டும். இப்போது கிளினிக்குக்குப் போகிறாரா? விற்றமின் பி12, இரும்புச்சத்து இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். நிறை ஏறினாலும் இறங்கினாலும் அந்த இரத்தப் பரிசோதனையை விடக்கூடாது.