மாதம் 5,000 கூடுதலாகக் கட்டினால் வீட்டுக் கடன் சீக்கிரம் முடியுமா?

திருப்பூர்க்காரி

வீடு கட்ட 30 லட்சம் கடன் வாங்கி 14 மாதம் ஆகிறது. 8.5 சதவீதம், மாறும் வட்டி. 20 வருடம், தவணை 26,035. நேற்று ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. இதுவரை கட்டியது 3,64,490. அசலில் கழிந்தது 70,000 சொச்சம்தான்! இந்த மாதத்தோடு ஒரு சீட்டு முடிகிறது. அந்த 5,000-ஐ மாதாமாதம் கடனில் போடலாமா, இல்லை சேர்த்து வைத்து மொத்தமாகக் கட்டலாமா? அபராதம் கேட்பார்களா? வரிச் சலுகை போய்விடும் என்று வீட்டுக்காரர் வேறு சொல்கிறார்.

லேத் பட்டறை

தங்கச்சி, 2014-ல் 18 லட்சம் வாங்கி 2024 தொடக்கத்தில் முடித்தவன் நான். மாதாமாதமே கட்டிவிடுங்கள். சேர்த்து வைக்கிற பணம் நம் வீட்டில் தங்காது. வண்டி டயர், மச்சான் வீட்டுச் சீர் என்று ஏதாவது ஒன்று தின்றுவிடும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இன்றைய பாக்கி சுமார் 29.30 லட்சம். இப்படியே போனால் இன்னும் 226 மாதம். 5,000 சேர்த்துக் கட்டினால் 157. வட்டி இதே 8.5-ல் நின்றால், மிச்சமாகும் வட்டி மட்டும் பத்து லட்சத்தைத் தாண்டும். ஆரம்ப வருடங்களில் தவணையில் முக்கால் பங்குக்கு மேல் வட்டிதான். அதனால் இப்போது அசலில் விழும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வலு அதிகம்.

அபராதம் கிடையாது. மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. வரி விஷயத்தில், வருமான வரியின் பழைய முறையில் இருந்தால் வட்டிக்கு வருடம் 2 லட்சம் வரைதான் விலக்கு. முதல் வருடம் நீங்கள் கட்டிய வட்டியே இரண்டரை லட்சம், ஆக இப்போதைக்கு எதுவும் போகாது. புதிய முறை என்றால், நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கு அந்த விலக்கே இல்லை. மாப்பிள்ளையிடம் எந்த முறை என்று கேளுங்கள்.

பணம் கட்டுவது சுலபம், அது எங்கே போய் விழுகிறது என்பதுதான் விஷயம். நான் முதல் மூன்று மாதம் கடன் கணக்குக்கே ஆன்லைனில் அனுப்பினேன். நான்காம் மாதம் பாஸ்புக்கைப் பார்த்தால் பாக்கி துளிகூடக் கூடுதலாகக் குறையவில்லை. கிளையில் கேட்டால், "அது அடுத்த தவணைக்கு அட்வான்ஸாக நிற்கிறது சார்" என்கிறார்கள். ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்: தொகையை அசலில் வரவு வைக்கவும், தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறைக்கவும். நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். தவணையைக் குறைத்துவிட்டால் மாதம் நாற்பது ஐம்பது ரூபாய் லேசாகும், அவ்வளவுதான். உங்கள் வங்கியின் ஆப்பில் 'பார்ட் பேமென்ட்' என்று தனியாக இருந்தால் அதிலேயே கட்டுங்கள்.

சின்னப்பையன்

எட்டரை சதவீதத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம்? அந்த 5,000-ஐ மாதாமாதம் கட்டும் மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபியில் போடலாமே.

லேத் பட்டறை

போடலாம் தம்பி. அது ஏறும், இறங்கும். இது கட்டின அன்றைக்கே எட்டரை உறுதி. எனக்குத் தூக்கம் முக்கியம்.

பல்லடம் ரோடு

நான் 2021-ல் வாங்கியவன். 2022 மேயில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி), 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆகிவிட்டது. தவணை மாறவில்லையே என்று நிம்மதியாக இருந்தேன். காலம்தான் சத்தமில்லாமல் நீண்டிருந்தது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று நம்மைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வட்டி மாறினால் உடனே ஸ்டேட்மென்டில் எத்தனை மாதம் என்று பாருங்கள்.

அது கிடக்கட்டும். வேறு கடன் ஏதும் இல்லையே? நகை, கிரெடிட் கார்டு?

திருப்பூர்க்காரி

கேட்டீர்களே! என் வளையல் இரண்டும் அடகுக்கடையில். 60,000, ஒன்றரை வட்டி.

லேத் பட்டறை

அட, அதை முதலில் சொல்ல வேண்டாமா! ஒன்றரை வட்டி என்றால் வருடத்துக்கு 18 சதவீதம். வீட்டுக் கடன் மாதம் நூற்றுக்கு எழுபது காசு வட்டிதான். சீட்டுப் பணத்தை மொத்தம் 13, 14 மாதம் அடகுக்கடைக்கே கொடுங்கள். வளையல் கைக்கு வந்த பிறகு அதே 5,000-ஐ வங்கிக்குத் திருப்புங்கள்.

அப்புறம் ஒன்று, இதற்கு இன்னும் பல வருடம் இருக்கிறது, ஆனாலும் குறித்து வையுங்கள். கடன் முடிந்ததும் 30 நாளில் வங்கி அசல் பத்திரத்தைத் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் என்பது 2023 டிசம்பரிலிருந்து விதி. எனக்கு 11 நாளில் வந்தது. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில், கடன் அடைந்தது என்று காட்டும் ரசீது ஆவணத்தைப் பதியாமல் விட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்து வில்லங்கம் போட்டால், கடன் அப்படியே நிற்கிறது!

திருப்பூர்க்காரி

எழுதி வைத்துக்கொண்டேன் அண்ணா. அடகுச் சீட்டைத் தேடி எடுத்தாயிற்று. வரும் ஐந்தாம் தேதி முதல் 5,000 அங்கே போகிறது. வீட்டுக்காரர் புதிய முறையில்தான் இருக்கிறாராம், அதுவும் இப்போதுதான் அவருக்கே தெரிந்தது.