தேன்கனிக்கோட்டைக் குளிரில் குஞ்சுகள் மூலையில் குவிந்து சாகின்றன: பல்பு போதவில்லையா?

மலையோரத்தான், தேன்கனிக்கோட்டை:

அனைவருக்கும் வணக்கம். அவசரமாக உதவி வேண்டும். போன வாரம் ஒரு பொரிப்பகத்திலிருந்து ஐம்பது நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கி வந்தோம். பொரித்து ஒரே நாள் ஆனவை. வளர்ப்பது என் அம்மா. இப்போது எங்களிடம் அடைக்கோழி எதுவும் இல்லை. அதனால் குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய அட்டைப்பெட்டியைப் படுக்கவைத்து, மேல்பக்கத்தை வெட்டித் திறந்து, நடுவில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு அடைகாப்பான் செய்திருக்கிறோம். அடியில் செய்தித்தாள், அதன்மேல் லேசாக உமி. பெட்டி இருப்பது பழைய ஓட்டு வீட்டின் முன்னறையில், கல் பாவிய தரையில். இரவில் பெட்டியைத் தார்பாயால் முழுக்க மூடிவிடுகிறோம்.

பகலெல்லாம் குஞ்சுகள் நன்றாக ஓடித் தீவனம் கொத்துகின்றன. விடிகாலையில் போய்ப் பார்த்தால் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்திருக்கின்றன. அடியில் சிக்கியவை மூச்சுத் திணறிச் செத்துக் கிடக்கின்றன. இதுவரை ஏழெட்டு போய்விட்டன. அம்மா இரவில் சரியாகத் தூங்குவதே இல்லை. பல்புக்குப் பக்கத்தில் வெப்பமானி கட்டியிருக்கிறேன், அது 35 டிகிரி காட்டுகிறது. சூடு சரியாக இருந்தும் ஏன் குவிகின்றன? சில குஞ்சுகளுக்குப் பின்பக்கம் எச்சம் காய்ந்து ஒட்டிக்கொண்டும் இருக்கிறது. 100 வாட் பல்பு மாட்டினால் சரியாகுமா? பக்கத்துத் தோட்டத்து மாமா, அறைக்குள் கரி அடுப்பு வைத்துவிடு என்கிறார். வைக்கலாமா?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், ஓசூர்:

தம்பி, கரி அடுப்பு வேண்டாம். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். மூடிய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. குஞ்சுகளை மட்டுமல்ல, அதே அறையில் காவல் படுக்கும் ஆளையும் அது கொன்றுவிடும். அம்மா இரவில் எழுந்து எழுந்து பார்க்கிறார் என்று எழுதியிருப்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி நான் கேட்பதைப் பார்த்துச் சொல்லுங்கள். குவிவது பல்புக்கு நேர் கீழேயா, பல்பை விட்டு விலகியா? அந்த மூலைக்கு எதிர்ப்பக்கம் கதவோ சன்னலோ இருக்கிறதா? வெப்பமானியைக் கழற்றி, உமியிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில், அதாவது குஞ்சின் முதுகு மட்டத்தில் வைத்தால் எத்தனை காட்டுகிறது? இன்னொன்று. விடிகாலையில் ஒரு குஞ்சைக் கையில் எடுத்து, அதன் பாதங்களை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். பாதம் சில்லென்று இருக்கிறதா, வெதுவெதுப்பாக இருக்கிறதா?

பட்டுக்கூடு, பாலக்கோடு:

நான் கோழி வளர்ப்பவன் அல்லன், பட்டுப்புழு வளர்ப்பவன். ஆனாலும் இது எங்களுக்குப் பழகிய சங்கதி. இளம்புழுவுக்கு 27, 28 டிகிரி வேண்டும். மார்கழியில் புழு வளர்ப்பு மனையில் மேல்தட்டும் அடித்தட்டும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. சூடு மேலே ஏறிவிடும், தரையை ஒட்டிய தட்டு குளிர்ந்தே கிடக்கும். மேல்தட்டில் வெப்பமானியை மாட்டிவிட்டு எல்லாம் சரி என்று படுத்தால், காலையில் அடித்தட்டுப் புழு இலை தின்னாமல் சோர்ந்திருக்கும். உங்கள் பெட்டியிலும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் ஊரிலும் பட்டு வளர்ப்போர் நிறையப் பேர் இருக்கிறார்கள். யாரிடமாவது ஈர உலர் வெப்பமானியை நாலைந்து நாள் இரவல் கேளுங்கள். ஈரப்பதமும் தெரிந்துவிடும்.

மலையோரத்தான்:

ஐயா, அண்ணா, நன்றி. இன்று விடியும் முன்பே எழுந்து பார்த்தேன். குவிவது பல்புக்குக் கீழே அல்ல, தெற்கு மூலையில். அறையின் வடக்குச் சுவரில் பழைய மரச்சன்னல் இருக்கிறது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. அதன் வழியாக வாடைக் காற்று வருவது கையை வைத்தாலே தெரிகிறது. பெட்டியின் அந்தப் பக்கத்தில் கைப்பிடிக்காக வெட்டிய ஓட்டையும் இருக்கிறது. வெப்பமானியை முதுகு மட்டத்தில் வைத்தபோது 26 தான் காட்டியது. பாதங்கள் சில்லென்று இருக்கின்றன. இரவு ஒரு நேரத்தில் பல்பின் வெளிச்சமே மங்கிச் சிவந்து போகிறது என்றும் அம்மா சொல்கிறார். தார்பாயின் உட்பக்கம் முழுக்க நீர்த்துளி.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், ஓசூர்:

அப்படியானால் காரணம் ஒன்றல்ல, மூன்று. பல்பை மட்டும் மாற்றினால் பாதிதான் தீரும்.

பல்புக்கு நேர் கீழே நெருக்கியடித்தால் சூடு போதவில்லை என்று பொருள். பல்பை விட்டு நாலாபக்கமும் ஓடி, வாயைத் திறந்து, இறக்கையை விரித்து இரைத்தால் சூடு அதிகம். ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. உங்கள் குஞ்சுகள் வாடைக்கு முதுகு காட்டித் தெற்கே ஒதுங்கியிருக்கின்றன. பெட்டிக்கு மூலை இருப்பதால் ஒதுங்கியவை அங்கேயே சிக்கி நசுங்குகின்றன. முதலில் மூலையை ஒழியுங்கள். ஒன்றரை அடி உயரத் தகரமோ அட்டையோ மூங்கில் தட்டியோ எடுத்து வட்டமாக நிறுத்துங்கள். ஐம்பது குஞ்சுக்கு நாலடி விட்டம் இப்போதைக்குப் போதும். வளர வளர வட்டத்தை விரித்துக்கொண்டே போகலாம்.

அடுத்தது தரை. பாதம் சில்லிட்டிருப்பதற்குக் கல் தரைதான் காரணம். மேலே எத்தனை வாட் போட்டாலும் அந்தக் கல் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பலகை இருந்தால் பலகை, இல்லாவிட்டால் உலர்ந்த சாக்கு நாலைந்து மடிப்பு விரித்து, அதன்மேல் உமியோ கடலைத் தோலோ இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் பரப்புங்கள். செய்தித்தாளை எடுத்துவிடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள், குஞ்சு உமியைத் தின்றுவிடாமல் இருக்கத் தாள் விரிப்பது வழக்கம்தான். ஆனால் வழுவழுப்பான தாளிலேயே விட்டுவிட்டால் கால் வழுக்கிப் பக்கவாட்டில் அகன்றுபோகும். உங்கள் குஞ்சுகள் இப்போது தீவனம் எது, உமி எது என்று தெரிந்தவை.

சன்னல் இடுக்கைத் துணியால் அடையுங்கள். தார்பாயை மட்டும் முழுக்க மூடாதீர்கள். மூச்சின் ஈரமும் எச்சத்தின் ஈரமும் வெளியேற வழியில்லாமல் உமி நனையும், அமோனியா நெடி ஏறும், அதன் பிறகு சளியும் கழிச்சலும் வரும். சாக்கை விரித்து முக்கால் பாகம் மூடி, காற்று வராத பக்கத்தில் மேலே திறந்து வைத்தால் போதும்.

கடத்தூர் மின்பணியாளர்:

பல்பு சிவந்து மங்குவது மின்னழுத்தம் விழுவதால். உங்கள் மின்மாற்றியிலேயே கிணற்று மோட்டார்களும் இருந்தால், மும்முனை மின்சாரம் வந்து எல்லாம் ஒன்றாக ஓடும் நேரத்தில் இப்படி ஆகும். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வந்தால் 60 வாட் பல்பு 40 வாட் அளவுக்குத்தான் சூடு தரும். குஞ்சுக்கு 2 வாட் என்பது பொதுக்கணக்கு, ஐம்பதுக்கு 100 வாட். உங்கள் மலைக் குளிருக்கும் மின்னழுத்தம் விழுவதற்கும் சேர்த்து 60 வாட் இரண்டு, தனித்தனி ஹோல்டரில் போடுங்கள். 100 வாட் ஒன்றைவிட இது நல்லது, ஒன்று பியூஸ் போனாலும் இன்னொன்று எரியும். கடையில் எல்இடி பல்பைக் கொடுத்து 60 வாட்டுக்குச் சமம் என்பார்கள். வெளிச்சத்துக்குத்தான் அது சமம், அதில் குஞ்சுக்கு வேண்டிய சூடு கிடையாது.

பல்பை ஒயரில் மட்டும் தொங்கவிடாதீர்கள். மெல்லிய கம்பியோ சங்கிலியோ கட்டி, உத்தரத்திலிருந்து தாங்கவையுங்கள். உமியில் விழுந்தால் வீடே பற்றிக்கொள்ளும். சாக்கும் அட்டையும் பல்பிலிருந்து ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும்.

பஞ்சாரம், பென்னாகரம்:

தம்பி, மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லையே. எங்கள் ஊரில் மழை வந்தால் இரவு முழுக்கக்கூட இருட்டுதான். நான் இரண்டு மண்கலயங்களில் கொதிநீர் ஊற்றி, வாயை இறுக மூடி, சாக்கில் சுற்றி வட்டத்தின் நடுவில் வைத்துவிடுவேன். குஞ்சுகள் கோழியின் வயிற்றில் ஒண்டுவது போல அதைச் சுற்றிப் படுத்துக்கொள்ளும். மேலே பஞ்சாரத்தை, அதாவது கோழி அடைக்கும் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் சாக்குப் போட்டால் சூடு நிற்கும். தண்ணீரை மட்டும் இடையில் ஒருமுறை மாற்ற வேண்டும். சிலர் கலயத்தில் தணலும் சாம்பலும் போடுவார்கள், ஐயா சொன்னபின் அதை நான் சொல்ல மாட்டேன்.

பின்பக்கம் ஒட்டியிருக்கும் எச்சத்தைப் பிய்க்கவே கூடாது, தோலோடு வந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் மெல்லிய பருத்தித் துணியை நனைத்து, அந்த இடத்தில் ஒற்றி ஒற்றி ஊறவிடுங்கள். இளகியதும் தானாக வழியும். பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, சற்று விளக்கெண்ணெய் தடவி, முழுக்கக் காய்ந்த பிறகே கூட்டத்தில் விடுங்கள். வயிற்றின் நடுவில் காய்ந்து நிற்பது தொப்புள். அதை எச்சம் என்று நினைத்து இழுத்துவிடாதீர்கள். குளிர் பட்டாலே இப்படி ஒட்டும், சூடு சரியானால் குறையும்.

மாலையில் கழுத்தடி இரைப்பையைத் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை அம்மாவுக்குச் சொல்லுங்கள். நிறைந்து மெதுமெதுப்பாக இருந்தால் தின்றும் குடித்தும் இருக்கிறது. கல்லாக இருந்தால் தண்ணீர் குடிக்கவில்லை. காலியாக இருந்தால் அதைத் தனியே எடுத்து வெதுவெதுப்பான வெல்லத் தண்ணீர் கொடுங்கள். வெறும் வயிற்றோடு படுக்கும் குஞ்சுதான் விடிகாலைக் குளிரில் முதலில் விழும்.

மலையோரத்தான்:

அக்கா, ஐயா, அண்ணன்மார்கள், எல்லோருக்கும் நன்றி. போச்சம்பள்ளிச் சந்தையில் வாங்கிய மூங்கில் தட்டி வீட்டிலேயே கிடந்தது. அதைச் சுற்றி நிறுத்தி வட்டமாக்கினோம். மாமாவே பலகை கொண்டுவந்து கொடுத்துச் சாக்கும் விரித்துவிட்டார். இரண்டு பல்பு போட்டு ஒன்றேகால் அடி உயரத்தில் தொங்கவிட்டதும் முதுகு மட்டத்தில் 33 காட்டுகிறது. நேற்று விடிகாலை ஒன்றுகூடச் சாகவில்லை. குவியவும் இல்லை, மூன்று நான்காகப் பிரிந்து கால் நீட்டிப் படுத்திருந்தன. பின்பக்கம் ஒட்டியிருந்த ஐந்தை அம்மா துடைத்துவிட்டார். அவற்றில் ஒன்று மட்டும் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு ஒதுங்கி நிற்கிறது.

சூட்டை எப்போது, எவ்வளவு குறைப்பது? தடுப்பூசி எப்போது போடுவது?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், ஓசூர்:

நல்ல செய்தி தம்பி. முதல் வாரம் 35, இரண்டாம் வாரம் 32, மூன்றாம் வாரம் 29, நான்காம் வாரம் 27 அல்லது 26. பல்பை வாரம் இரண்டு அங்குலம் உயர்த்தினால் ஏறக்குறைய இந்தக் கணக்குக்கு வரும். தரும‌புரிப் பக்கம் என்றால் பகலில் பல்பையே அணைத்துவிடச் சொல்வேன். உங்கள் பக்கம் மேகமூட்டமான நாளில் பகலிலும் ஒரு பல்பு எரியட்டும். உடலில் இறகு மூடும்வரை இரவுச் சூட்டை நிறுத்தாதீர்கள்.

ராணிக்கெட் என்ற கொடிய தொற்றுநோய்க்கான முதல் தடுப்பு மருந்து ஊசி அல்ல, சொட்டு மருந்து. ஐந்து முதல் ஏழு நாளுக்குள், கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. உங்களுக்கு நாள் நெருங்கிவிட்டது அல்லது கடந்துவிட்டது, நாளைக்கே கால்நடை மருந்தகம் போங்கள். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும், கலந்ததை உடனே போட்டு முடித்துவிட வேண்டும். சோர்ந்து நிற்கும் அந்தக் குஞ்சைத் தனிப் பெட்டியில் வைத்து அதையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். வெள்ளையாகக் கழிந்தால் கட்டாயம் காட்டவேண்டும். அது சால்மோனெல்லா கிருமியால் வருவதாக இருந்தால் சூடு கொடுத்து மட்டும் தீராது, மற்றவற்றுக்கும் பரவும். நீங்களாக எந்த மருந்தும் வாங்கித் தண்ணீரில் கலக்க வேண்டாம். மருந்தகம் எட்டவில்லை என்றால் கால்நடை மருத்துவ உதவிக்கான 1962 எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். ஓசூரை அடுத்த மத்திகிரியில் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்கு அதுவும் தூரமில்லை.

பஞ்சாரம், பென்னாகரம்:

தண்ணீர்த் தட்டில் நாலு கூழாங்கல் போட்டு வையுங்கள் தம்பி, குஞ்சு உள்ளே இறங்கி நனையாது. தட்டைச் சுற்றி ஈரமாகும் உமியை அன்றன்றே அள்ளி எறிந்து புதிதாகப் போடச் சொல்லுங்கள். மூன்றாம் வாரத்துக்கு மேல் எச்சத்தில் இரத்தம் தென்பட்டால் அந்த ஈரம்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும், அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.