குளிர்க்கடன்: மேப்பிள் கையேட்டுக்கு ஒரு சொல்

குழும நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ரொறன்ரோ அக்கா எழுதிவரும் யப்பானிய மேப்பிள் வளர்ப்புக் கையேட்டுக்கான சொற்பட்டியலில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. மொட்டோ வித்தோ விழிப்பதற்கு முன் குளிரில் கழித்தே ஆக வேண்டிய நேரத்தை ஆங்கிலத்தில் 'சில்லிங் ரெக்குவயர்மென்ட்' என்கிறார்கள். அதற்குக் 'குளிர்த்தேவை' என்பதே போதும் என்று கடந்த மடல்களில் பலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'குளிர்க்கடன்' என்ற சொல்லை முன்மொழிகிறேன். மற்றச் சொற்களில் எது நிலைத்தாலும் எனக்குச் சம்மதம். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

கையேட்டை யார் வாசிக்கப்போகிறார்கள் என்பதில் இருந்து தொடங்குகிறேன். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் நம்மவர்கள் வாசிப்பார்கள். அதே அளவுக்கு இங்கே கோண்டாவிலிலும் சுன்னாகத்திலும் வாசிப்பார்கள். ஒவ்வோர் ஐப்பசியிலும் அங்கிருந்து சிவந்த மரத்தின் படம் கைபேசிக்கு வருகிறது. உடனே இங்கே வளவில் ஒன்று வைக்க வேண்டும் என்ற ஆசை பிறக்கிறது. அந்த ஆசையில் பிழையே இல்லை. ஆனால் 'இந்த மரத்துக்குக் குளிர்த்தேவை உண்டு' என்று நாம் அச்சிட்டால், யாழ்ப்பாணத்து வாசகர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்? வெயில் படாத இடம் தேவை என்று எடுத்துக்கொள்வார். மாமரத்து நிழலிலோ கிணற்றடியிலோ வைப்பார், அடிமரத்தைச் சுற்றி ஈரச் சாக்குக் கட்டுவார். 'தேவை' என்ற சொல் அவரை அந்த வழியில்தான் கொண்டுபோய்விடும். தாகத்துக்குத் தண்ணீர் தேவை, வெயிலுக்கு நிழல் தேவை என்பவற்றோடு குளிரும் சேர்ந்துவிடும்.

மரத்துக்குள் நடப்பதோ வேறு. யப்பானிலும் கொரியாவிலும் பெரிய மரங்களின் கீழே வளர்ந்து பழகிய சிறு மரம் இது. துன்பெர்க் 1784இல் ஏசர் பல்மாட்டம் என்று இதற்குப் பெயரிட்டார். பகல் குறுகக் குறுக இலையில் பச்சையம் சிதைகிறது, அந்தோசயனின் சிவப்பு ஏறுகிறது, பிறகு இலை உதிர்கிறது. படம் எடுப்பவர்கள் அத்தோடு வீட்டுக்குள் போய்விடுகிறார்கள். இலை உதிர்ந்த தழும்புக்கு மேலே, கிளையின் இரு புறத்திலும் எதிரெதிராக, நெல்மணியிலும் சிறிய மொட்டுகள் செதில் மூடி இருக்கும். கார்த்திகை கடைசியில் அப்படி ஒரு கிளையை வெட்டிக் கணகணப்பான அறையில் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். மொட்டு அசையாது. சூடு இருக்கிறது, நீர் இருக்கிறது, ஆனாலும் திறக்காது. அதே மரத்தில் மாசி கடைசியில் வெட்டிய கிளை அதே அறையில் துளிர்த்துவிடும். இடையில் அந்த மொட்டு குளிரில் கழித்த மணித்தியாலங்கள்தாம் வேறுபாடு.

அந்த மணித்தியாலங்கள் எண்ணப்படுகின்றன. வழக்கமான முறையில் 0 முதல் 7 பாகை செல்சியஸ் வரையில் மொட்டு கழிக்கும் நேரம் கூட்டப்படும். உறைநிலைக்குக் கீழே போகும் கடுங்குளிர் கணக்கில் சேராது. பல அப்பிள் இனங்களுக்கு இந்தத் தொகை 800 முதல் 1000 மணித்தியாலம் வரை வரும். 1974இல் பீச் மரங்களுக்காக அமெரிக்காவின் யூட்டாவில் உருவான கணக்கீட்டில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு: குளிர்காலத்தின் நடுவே வெப்பமான நாள் வந்தால், அதுவரை சேர்ந்ததில் ஒரு பங்கு கழிக்கப்படும்.

இப்போது சொல்லுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது, இடையில் குறைகிறது, முழுவதும் முடிந்த பிறகுதான் அடுத்த வேலைக்கு அனுமதி. தமிழில் இதற்குத் 'தேவை' என்றா பெயர்? கடன் என்றல்லவா பெயர்!

கோயமுத்தூர் ஐயா தமது மடலில் இப்படி எழுதியிருந்தார்:

> கடன் என்றதும் வங்கியும் வட்டியும்தான் நினைவுக்கு வரும். அறிவியல் சொல்லுக்கு அது பொருந்தாது.

ஐயா, வங்கி வருவதற்கு முன்பே கடன் தமிழில் இருந்தது. 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்று அப்பர் பாடியபோது அவர் யாரிடமும் பணம் வாங்கியிருக்கவில்லை. செய்தே ஆக வேண்டியது, செய்யாமல் மேலே போக முடியாதது என்ற பொருளில் இந்தச் சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. காலைக்கடன் முடிக்கிறோம். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் பிதிர்க்கடன் செய்கிறோம். நல்லூரில் காவடி எடுத்து நேர்த்திக்கடன் தீர்க்கிறோம். இவை எவற்றிலும் வட்டி இல்லை. 'குளிர்க்கடன்' அந்த வரிசையில் போய் அமர்ந்துகொள்ளும். படிக்காதவர் காதிலும் முதல் தடவையிலேயே விழும். மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த கிறீன் வைத்தியர் வாழ்ந்த மானிப்பாய் எங்களுக்கு அயலூர். கேட்டவுடன் விளங்காத சொல்லை ஏற்க இந்தப் பக்கத்து மனிதருக்கு எளிதில் மனம் வராது.

இன்னொரு பயன் இதைவிடப் பெரிது. கடன் தன் வினைச்சொற்களையும் கூடவே கூட்டிக்கொண்டு வருகிறது. கடன் தீர்ந்த மொட்டு, தீராத மொட்டு, அரைகுறையாகத் தீர்ந்த கடன், கடன் மிகுந்த இனம், கடன் குறைந்த இனம். கையேட்டின் இரண்டாம் இயலில் அக்கா எழுதியுள்ள 'குளிர்த்தேவை முழுமையாக நிறைவு செய்யப்படாத நிலையில்' என்ற வரி, 'குளிர்க்கடன் தீராவிட்டால்' என்று சுருங்கிவிடும். அப்படித் தீராமல் போனால் என்ன நடக்கும் என்பதையும் அங்கேயே எழுதிவிடலாம்: துளிர் பிந்தும், ஒரே மரத்தில் சில மொட்டு விழிக்கச் சில மொட்டு தூங்கும், நுனியில் மட்டும் நாலு இலை வந்து நடுக்கிளை மொட்டையாக நிற்கும்.

உறங்குநிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தச் சொல் இலங்கைப் பாடநூல்களில் வேரூன்றிவிட்டது, அதைத் தொட வேண்டாம். ஆனால் 1987இல் ஆய்வாளர்கள் உறங்குநிலையை மூன்றாகப் பிரித்தார்கள், நமக்கும் மூன்று சொற்கள் வேண்டும். மொட்டு தன் உள்காரணத்தால் உறங்குவதற்கு அகவுறக்கம், வெளியே குளிரோ வறட்சியோ தடுப்பதால் காத்திருப்பதற்குப் புறவுறக்கம், அதே செடியின் வேறோர் உறுப்பு அடக்கிவைப்பதால் உறங்குவதற்கு அண்டையுறக்கம் என்று வைக்கலாம். குளிர்க்கடன் அகவுறக்கத்துக்கு மட்டும் உரியது. அது தீர்ந்ததும் மொட்டு புறவுறக்கத்துக்கு வருகிறது, அதன் பிறகு சூடு வந்தால் போதும்.

இந்தப் பிரிவு வெறும் ஏட்டு நுணுக்கம் என்று தோன்றலாம். நம் திராட்சைத் தோட்டங்களுக்குப் போனால் அப்படித் தோன்றாது. குளிர்காலமே இல்லாத இந்த மண்ணில், கொடியைக் கத்தரித்தும் இலையைக் களைந்தும் துளிர்க்கவைத்துப் பழம் எடுக்கிறார்கள். திராட்சை கடன் குறைந்த கொடி, ஆகவே அதற்கு அது செல்லும். 'அதே வேலையை மேப்பிளுக்கும் செய்யலாமே' என்று ஒரு தோட்டக்காரர் என்னிடம் கேட்டார். மிக நல்ல கேள்வி. போன்சாய் வளர்ப்பவர்கள் கோடைத் தொடக்கத்தில் மேப்பிளின் இலைகளைக் களைந்து புதுத் துளிர் வரவைக்கிறார்கள். அப்போது அந்த மொட்டுகள் அண்டையுறக்கத்தில் இருப்பதால் இலை போனதும் விழித்துக்கொள்கின்றன. அகவுறக்கத்தில் இருக்கும் மொட்டுக்கு முன்னால் கத்தரிக்கோலுக்கு வேலை இல்லை. உறக்கம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அந்த மனிதருக்கு இதை நான் விளக்கியிருக்க முடியாது.

விதையிலும் இதே கதைதான். மேப்பிளின் சிறகுக்கனியில் இருக்கும் வித்து முளைக்க வேண்டுமானால், ஈர மணலோடு கலந்து ஏறத்தாழ 4 பாகையில் மூன்று, நான்கு மாதங்கள் இருக்க வேண்டும். அயலில் ஒரு தம்பி குளிர்சாதனப்பெட்டியின் கீழ்த்தட்டிலேயே அதைச் செய்துவிட்டார். வித்தின் கடன் பெட்டிக்குள் தீர்ந்தது. தைமாதத்தில் நாடாப்போல இரண்டு வித்திலைகள், அவற்றுக்கு மேலே ஓரம் பல்பல்லாக இருந்த ஒரு சோடி இலை. அதைப் பார்க்க ஒழுங்கை முழுவதும் வந்துபோனது. சித்திரை வெயிலில் இலையோரம் பழுப்பேறியது, வைகாசியில் சோளகக் காற்று எழுந்து அடிக்கத் தொடங்கியதும் எஞ்சிய பச்சையும் காய்ந்துவிட்டது. நிலமும் அதற்குச் சாதகமாக இல்லை: மேப்பிளுக்குச் சற்றே அமிலமான மண் வேண்டும், எங்கள் செம்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல், கிணற்றுநீரிலும் சுண்ணாம்பு. அந்தக் கன்று கோடையைத் தாண்டியிருந்தாலும், இரவு வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிதான இந்த ஊர் மார்கழியில் அதன் மொட்டுகள் எந்தக் கடனைத் தீர்த்திருக்கும்? வித்துக்குக் குளிர்சாதனப்பெட்டி கைகொடுத்தது, மரத்துக்கு அது முடியாது. இதைக் கையேடு முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கன்றைப் பயணப்பெட்டியில் மறைத்துக் கொண்டுவர முயல்பவர்களுக்கு, 1999இன் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். மேப்பிள் மீதான ஆசையில் புது நோயைத் தோட்டத்துக்குக் கொண்டுவர யாரும் விரும்பமாட்டார்கள்.

மேலே சொன்ன இலையோரப் பழுப்பைப் பட்டியலில் 'இலைக்கருகல்' என்று போட்டிருக்கிறீர்கள். மாற்றுங்கள். நெல்லில் அது நோயின் பெயர், வாசகர் மருந்து தெளிக்கப் போய்விடுவார். வெயிலாலும் வறண்ட காற்றாலும் வருவதை 'ஓரத்தீய்வு' என்போம். அதற்குப் பரிகாரம் பிற்பகல் நிழலும், காற்றுத் தடுப்பும், அடிமரத்தைத் தொடாமல் இரண்டு, மூன்று அங்குல மூடாக்கும்தான்.

மற்றவற்றில் எனக்குப் பெரிய கருத்து இல்லை. ஒட்டுக்கட்டை (வேரோடு கீழே நிற்கும் கன்று), ஒட்டுமுளை (அதன்மேல் ஒட்டும் துண்டு) இரண்டும் எங்கள் கறுத்தக்கொழும்பான் மாங்கன்று விற்பவர் வாயில் இருப்பவை, அப்படியே வைக்கலாம். சிவப்பு இனங்களைப் பச்சை இலைக் கன்றில் ஒட்டுவதால், ஒட்டுக்குக் கீழிருந்து எழும் பச்சைத் தளிரை உடனுக்குடன் நீக்க வேண்டும். அதற்கு 'அடித்தளிர்' போதும். தண்டு விரிந்து வேராக மாறும் இடத்துக்கு 'வேர்க்கழுத்து' நன்றாக இருக்கிறது. நடும்போது அது மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும் என்பதை அக்கா தடித்த எழுத்தில் போட வேண்டும். மரத்துக்கே புதுப் பெயர் வேண்டும் என்று வந்த மடல்களையும் வாசித்தேன். மேப்பிள் மேப்பிளாகவே இருக்கட்டும். யப்பானியர் பழைய வழக்கில் அதன் இலையைத் தவளையின் கை என்றார்கள், அது அவர்கள் கண்ட அழகு.

பட்டியலில் சேர்க்க வேண்டிய பதிவு இது:

குளிர்க்கடன்: இலையுதிர் மரத்தின் மொட்டு அல்லது வித்து, அகவுறக்கத்தில் இருந்து விடுபடுவதற்கு முன் தாழ்ந்த வெப்பநிலையில் கழித்தே ஆக வேண்டிய மொத்த நேரம். அலகு: குளிர் மணித்தியாலம். வினை: தீர்தல், தீர்த்தல்.

மறுப்பு இருப்பவர்கள் இந்த வரையறைக்குள் 'தேவை' என்ற சொல்லை வைத்து, மேலே நான் காட்டிய வாக்கியங்களை எழுதிக்காட்டுங்கள். அவை இதைவிடத் தெளிவாக அமைந்தால் என் முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன்.